பாதரசமா, பிளாட்டினமா, தங்கமா?

கரைசலில் இருக்கும் கரிம மூலக்கூறு உலோக மின்முனையில் எப்படிப் படிகிறது என்று அளக்கப் போகிறவர் முதலில் உலோகத்தை முடிவு செய்ய வேண்டும். பாதரசத்தில் கிடைக்கும் விடையைப் பிளாட்டினத்துக்குப் பொருத்திப் பேசுவது வீண் வேலை.

எண்களில் துல்லியம் வேண்டுமென்றால் என் ஓட்டு பாதரசத்துக்குத்தான். திரவம் என்பதால் பரப்பில் மேடுபள்ளம் இல்லை. ஒரு துளி விழுந்தால் அடுத்த துளி புத்தம் புதிய பரப்போடு வந்துவிடும். 1922இல் பிராகில் வேதியியலாளர் ஹெய்ரோவ்ஸ்கி, மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் போலரோகிராபியைத் தொடங்கியது இந்தச் சொட்டு மின்முனையை வைத்துத்தான். 1959இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஹைட்ரஜன் லேசில் வெளியேறாது என்பதால் எதிர் மின்னழுத்தப் பக்கம் வெகுதூரம் போகலாம்.

கரைசலில் கொஞ்சம் பியூட்டனால் என்ற ஆல்கஹாலைச் சேர்த்துப் பாருங்கள். பரப்பின் மின்னூட்டம் சுழியத்தை ஒட்டி இருக்கும்போது, சதுர சென்டிமீட்டருக்கு இருபது மைக்ரோபாரட் போல இருந்த மின்தேக்குதிறன் (பரப்பு மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன்) ஐந்துக்கு அருகில் இறங்கிவிடும். ஆல்கஹால் பரப்பை மூடிவிட்டதற்கு அதுதான் அடையாளம். மின்னழுத்தத்தை எந்தப் பக்கம் அதிகமாக நகர்த்தினாலும், தண்ணீர் முண்டியடித்து உள்ளே வந்து ஆல்கஹாலை வெளியேற்றிவிடும். அந்த இடத்தில் மின்தேக்குதிறன் வரைகோட்டில் கூரான முகடு எழும். மூலக்கூறு மூடிய பகுதியும் மூடாத பகுதியும் பக்க இணைப்பில் உள்ள இரண்டு மின்தேக்கிகள் போல நடந்துகொள்கின்றன என்று சோவியத் மின்வேதியியலாளர் ஃப்ரூம்கின் 1920களிலேயே விளக்கிவிட்டார். குறை? நேர் மின்னழுத்தப் பக்கம் சீக்கிரமே பாதரசம் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். நச்சு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிளாட்டினம் வேறு ரகம். மெத்தனால் அதில் சும்மா ஒட்டுவதில்லை, உடைகிறது. ஹைட்ரஜன்கள் கழன்று, கடைசியில் கார்பன் மோனாக்சைடு பரப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதை எரித்து அகற்ற மின்னழுத்தத்தை நன்றாக ஏற்ற வேண்டும். மெத்தனால் எரிபொருள் கலன்களில் ருத்தேனியம் சேர்ப்பது இதனால்தான். இங்கே மீள்சமநிலை, அதாவது ஒட்டுவதும் விடுபடுவதும் சமமாக நடக்கும் நிலை, என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படியிருக்க, இந்தத் தரவின் மேல், அந்தச் சமநிலையை நம்பி எழுதிய லாங்மியூர் சமன்பாட்டைப் போட்டு ‘நன்றாகப் பொருந்துகிறது’ என்று எழுதுவதை நான் நம்புவதில்லை. வினையூக்கம்தான் உங்கள் கேள்வி என்றால் தாராளமாகப் பிளாட்டினத்துக்குப் போகலாம்.

தங்கம் இரண்டுக்கும் நடுவில். நைட்ரஜன் உள்ள வளைய மூலக்கூறான பிரிடின், எதிர் மின்னூட்டமுள்ள தங்கத்தின் (111) முகத்தில், அதாவது அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய படிகப் பரப்பில், படுத்திருக்கும். நேர் பக்கம் போனால் நைட்ரஜன் முனையை உலோகத்தின் மேல் ஊன்றி எழுந்து நிற்கும். கந்தகம் உள்ள தயோல்களோ பிணைப்பே போட்டுக்கொண்டு, சுமார் 30 பாகை சாய்ந்து, வரிசையாக அடுக்கும். ஆனால் மெருகேற்றிய சாதாரணத் தங்கக் கம்பியில் பல படிக முகங்கள் கலந்திருக்கின்றன. சுழிய மின்னூட்டம் வரும் மின்னழுத்தம் முகத்துக்கு முகம் மாறும். அதனால் கூரான முகடுகள் மழுங்கிப் போகும். ஒற்றைப் படிகம் வாங்கக் காசில்லை என்றால் தங்கத்தில் அளவீட்டு வேலையைத் தொடங்க வேண்டாம். தயோல் படலம் போடுவதற்கு அந்தக் கம்பி போதும்.