குயில்ட் (அடுக்குப் போர்வை) தைக்கும் லாங்ஆர்ம் மெஷினுக்கு மலை ஈரத்தில் பருத்தி நூலா, பாலியெஸ்டரா?

மழைமாதங்களில் ஊட்டியிலும் குன்னூரிலும் பாலியெஸ்டர்தான் நல்லது. பருத்தியை ஜனவரி வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருத்தியின் மங்கலான அழகு குயில்ட்டுக்குத் தனிக் களை தரும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது பஞ்சு உதிர்க்கும். அந்தப் பஞ்சு எண்ணெயோடும் ஈரத்தோடும் சேர்ந்து, மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு கோர்க்கும் ஹூக்கின் அடியில் சாம்பல் நிறத் திப்பியாக அப்பிக்கொள்ளும். எஃகு துருப்பிடிக்கத் தொடங்குவது அங்கேதான். பருத்தி ஓட்டினால் ஒவ்வொரு பாபின் (அடிநூல் உருளை) மாற்றும்போதும் மெஷினை அணைத்து, பாபின் கேஸைக் கழற்றி, பிரஷால் பஞ்சை எடுத்து, ஹூக் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், மலைக் குளிரில் கேட்கவே வேண்டாம்.

இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரம் பிடிக்கும், பாலியெஸ்டர் 0.4 தான். பஞ்சும் குறைவு. அதன் சிக்கல் வேறு: இழுபடும். பாபினில் வேகமாக இறுக்கிச் சுற்றினால், இழுபட்டு நீண்டுபோன நூல் தைத்த பிறகு சுருங்கித் துணியையும் சுருக்கும். மெதுவாகச் சுற்றுங்கள், மேல்நூலின் டென்ஷனை, அதாவது இறுக்கத்தை, கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்திப் பாருங்கள்.

எந்த நூலானாலும் அடிப்பக்கம் கண்ணி கண்ணியாகத் தொங்கினால், பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் உட்காரவில்லை. முதலில் மறுபடி கோர்த்துப் பாருங்கள். அதுவரை பாபின் கேஸ் திருகைத் தொடாதீர்கள்.