மொரீஷியஸ் ஒருநாள் அருவி டூர்: கேமரா முக்காலியோடு போகிறவர்களுக்கு

தென்மேற்கு மொரீஷியஸைச் சுற்றிக் காட்டும் கார் டூர்களில் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: கங்கா தலாவ் ஏரிக் கோயில், அலெக்சாந்திரா அருவி, உச்சி வெயிலில் சாமரேல் அருவி, சாப்பாடு. செல்ஃபிக்குப் போதும். கேமராவுக்கு இந்த வரிசை ஆகாது. கூட்டு வேன் வேண்டாம், தனிக் கார் எடுங்கள். திறந்தவுடன் சாமரேல், சாயங்காலம் ரோச்செஸ்டர் அருவி என்று முன்பணம் தரும்போதே பேசிவிடுங்கள். டிரைவர் பெயர் தமிழாக இருக்கலாம், பேச்சு உள்ளூர் கிரியோல் மொழிதான். 'கஸ்காட்' என்றால் அருவி.

சாமரேல் தனியார் இடம், நுழைவுக் கட்டணம் உண்டு. (நீட்டும் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். 1998இல் தமிழை இந்திக்குக் கீழே அச்சிட்டதற்கு எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.) அருவி சுமார் 100 மீட்டர், ஒரே வீழ்ச்சி. நண்பகலில் தண்ணீர் வெளுத்துப்போகும், சுற்றுக் காடு கறுத்துப்போகும். வேறு வழியில்லை என்றால் கணக்கு இது: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 11 (லென்ஸ் துளை அளவு), நல்ல வெயிலில் ஷட்டர் 1/200 நொடி. 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) போட்டால் சுமார் 1/3 நொடி, தண்ணீரில் இழை தெரியும். 10 ஸ்டாப் போட்டால் 5 நொடி. அருவி வெள்ளை வேட்டியாகிவிடும், காற்றில் இலைகளும் கலங்கும். இலைக்காக 1/200இல் இன்னொரு படம் எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பார்வை மேடையில் ஆட்கள் நடந்தால் முக்காலி அதிரும், நடை ஓய்ந்ததும் அழுத்துங்கள். தூரத்தை இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸை ஹோட்டலில் விட்டுவராதீர்கள்: பள்ளத்தில் நீண்ட வால் வெள்ளைப் பறவைகள் வட்டமிடும், 1/1000 வேண்டும்.

அலெக்சாந்திராவை மேலிருந்து பார்ப்பதோடு சரி. மூடுபனி இருந்தால் பத்து நிமிடம் போதும்.

சூயாக் அருகே உள்ள ரோச்செஸ்டர் சுமார் 10 மீட்டர்தான், ஆனால் படம் அங்கேதான். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கியபோது பிளந்த பாறை, அடுக்கிவைத்த செங்கல் மாதிரி சதுரசதுரமாக நிற்கும். பலத்த மழைக்குப் பின் செந்தண்ணீர் அந்தத் தூண்களை மறைத்துவிடும். சாமரேலுக்கோ மழை பெய்திருந்தால்தான் அழகு. ஒரே நாளில் இரண்டும் வாய்ப்பது அரிது. ஈரப் பாறையின் பளபளப்பை போலரைசர் ஃபில்டர் குறைக்கும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் தின்னும். சாயங்காலம் அதோடு 3 ஸ்டாப் என்டி போதும். சாரல் லென்ஸில் புள்ளி போடும், ஒவ்வொரு படத்துக்கும் முன் துடையுங்கள்.

ஏசி காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். இறங்க இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள்.

இல் ஓ செர்ஃப் தீவுக்குப் போகும் படகு டூரோடு சேர்த்து விற்கும் தென்கிழக்குப் பேராற்று அருவி நமக்கு உதவாது. படகு ஆடும், முக்காலி வீண், ஷட்டரை 1/500ஐ விட மெதுவாக வைக்க முடியாது.

ரோச்செஸ்டரில் கேட்காமலே வழிகாட்ட வருவார்கள், மேலிருந்து குதித்துக் காட்டவும் செய்வார்கள். காசை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், சில்லறை கையில் இருக்கட்டும்.