பாங்காக்கில் தமிழ் பேசிக்கொண்டு வரும் நீலக்கல் கும்பல், ஜாக்கிரதை

பாங்காக் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நீலக்கல் என்று சொல்லி எங்களிடம் பெரிய தொகையைக் கறந்துவிட்டார்கள், அதுவும் தமிழில் பேசி.

கிராண்ட் பேலஸ் மதிலோரம் நானும் தங்கையும் நடந்துகொண்டிருந்தபோது, டிப்டாப்பாக உடுத்திய ஒருவர் "இன்றைக்கு விசேஷ பூஜை, மத்தியானம்தான் திறப்பார்கள்" என்றார். பச்சைப் பொய். வழக்கமாகத் தினமும் காலை 8.30-க்கே திறந்துவிடுகிறார்கள், வாசல் வரை போய்க் கேட்டாலே தெரிந்துவிடும். அதுவரை ஒரு கோயில் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவரே 20 பாட் (தாய்லாந்துப் பணம்) வாடகைக்கு டுக்டுக், அதாவது அங்கத்து ஆட்டோ, பேசி ஏற்றிவிட்டார்.

அந்தக் கோயிலில்தான் நம் ஆள் உட்கார்ந்திருந்தார். தங்கை என்னிடம் ஏதோ சொன்னதும் எழுந்து வந்து, "சென்னையா நீங்க? என் மாமியார் வீடு மயிலாப்பூர்தாங்க" என்றார். தெப்பக்குளம், அறுபத்துமூவர் உற்சவக் கூட்டம், எல்லாம் அச்சுப் பிசகாமல் சொன்னார். போட்டோ எடுத்துக் கொடுத்தார், தண்ணீர் வாங்கிக் கொடுத்தார், காசு நீட்டினால் கோபித்துக்கொண்டார், "தங்கச்சி, தங்கச்சி" என்று அப்படி ஒரு பாசம். அப்புறம் பேச்சோடு பேச்சாக வந்தது விஷயம்: அரசாங்கமே நடத்தும் கல் விற்பனை, இன்றோடு முடிகிறது, வரி கிடையாது, சௌகார்பேட்டையில் இரண்டு மடங்குக்குப் போகும். வரும் வழியில் டுக்டுக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இருக்கும் இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம், ஒருவர் சொல்வதை அடுத்தவர் வந்து உறுதி செய்வதுதான் இவர்கள் தொழிலே. தாய்லாந்து அரசாங்கம் ரத்தினக் கடை எதுவும் நடத்தவில்லை.

கடையில் ஏசி, ஜூஸ், முத்திரை குத்திய சர்டிபிகேட். வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லை விளக்குக்கு நேரே பிடித்தார்கள், அந்த வெளிச்சத்தில் எந்தக் கல்லும் ஜொலிக்கும். கார்டு தேய்த்து முடிந்ததும் மயிலாப்பூர் மருமகனைக் காணவில்லை. கொடுத்த நம்பரையும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த தாய்லாந்துப் பெண் பில்லைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டாள். அவளுக்கும் எங்களுக்கும் பொதுவாக நாலு வார்த்தை ஆங்கிலம்கூட இல்லை. 1155-க்கு, அதாவது டூரிஸ்ட் போலீஸுக்கு, அவளே போன் போட்டாள், டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் எங்களோடு கடைக்கு வந்து எங்களுக்காக அவர்களிடம் சண்டை போட்டாள். முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். எங்களுக்கு விடியற்காலை ஃப்ளைட். அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

சென்னையில் கல் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "கல்லு நிஜம்தாம்மா, மட்டமான சரக்கு. நீங்க கொடுத்ததுல கால்வாசிகூடத் தேறாது" என்றார். கல்லே போலி என்றால்கூட வழக்குப் பேசலாம், விலையில் ஏமாற்றினால் பிடி கிடைப்பதில்லை. வங்கியிலும், நீங்களே பின் நம்பர் போட்டதால் கஷ்டம் என்கிறார்கள். புகார் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே சந்தேகம் வந்தால் ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல் உடனே 1155-ஐக் கூப்பிடுங்கள். கல்லைத் தபாலில் அனுப்புகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கையில் பொருள் இல்லாமல் திருப்பிக் கொடுக்கவே முடியாது. இப்படிக் கார்டில் போன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருந்தால், வங்கியில் எந்தெந்தக் காகிதம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.