திருச்சி விமான நிலையம்: பந்தல் போட்டாச்சு, பத்திரிகை யாருக்கு?

இந்தப் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது என்னை அழைத்துப்போக வந்த அக்கா மகன் பழைய முனையத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். நான் புதிய முனையத்தின் வாசலில் நின்றேன். "மாமா, வெளியில வந்துட்டேன்னு சொல்றீங்க, இங்க ஒரு ஈ காக்கா இல்லையே" என்றான் போனில். புதிய முனையம் 2024 ஜூன் 11-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எங்கள் புதுக்கோட்டை, ஆலங்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் புதுக்கோட்டை சாலையில் வந்தால் கை தானாகவே பழைய வாசல் பக்கம் வண்டியைத் திருப்பிவிடுகிறது.

அந்தப் பழைய வாசலை மறப்பதும் கஷ்டம்தான். 2009-ல் அது திறந்தபோது எங்களுக்கு அதுவே பெரிய மாளிகை. சில வருஷத்திலேயே நெருக்கடி வந்துவிட்டது. விடிகாலையில் இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கினால் உள்ளே வரிசை, வெளியே கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு திருவிழா. ஒருத்தரை அழைக்க ஒரு வேன் நிறைய ஆள் வருவார்கள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, பேராவூரணி என்று வேன் கண்ணாடியில் எழுதியிருக்கும். பாட்டி, கைக்குழந்தை, புளியோதரைப் பொட்டலம் எல்லாம் உண்டு. சென்னையில் இந்தக் காட்சியை இவ்வளவு அடர்த்தியாக நான் பார்த்ததில்லை.

புதியது அளவில் வேறு ரகம். 2024 ஜனவரி 2-ல் பிரதமர் வந்து திறந்து வைத்தார். செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். சுமார் 60 ஆயிரம் சதுர மீட்டர். பழையதுபோல ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 44 லட்சம் பேரையும், கூட்ட நேரத்தில் ஒரு மணிக்கு 3,500 பேரையும் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக் கோபுர வண்ணங்களும் கோலமும் எங்கு பார்த்தாலும் தெரிகின்றன. இதுபோன்ற இடங்களில் பண்பாட்டைச் சுவரில் பூசுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இங்கே ஏனோ உறுத்தவில்லை. மேலே அண்ணாந்து பார்த்தபடி நடந்த ஒரு பெரியவர் என் டிராலியில் முட்டிக்கொண்டு, "கோயிலுக்கு வந்த மாதிரி இருக்குல்ல தம்பி" என்றார். அவர் கையில் தைலப் பாட்டில்கள் அடங்கிய சிங்கப்பூர் பை.

உள்ளே நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்பதே நல்ல செய்தி. ஏரோபிரிட்ஜ் வழியாக நேராக உள்ளே வந்தோம். இமிகிரேஷனில், முன்பே பதிந்து வைத்திருந்தால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். 'நம்பிக்கைக்குரிய பயணி' திட்டம் என்று 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கியதை 2025 செப்டம்பர் 11-ல் திருச்சிக்கும் கொண்டுவந்தார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம் வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கைரேகையும் முகப்படமும் ஒருமுறை கொடுக்க வேண்டும். பிறகு ஐந்து ஆண்டு வரை, அதற்குள் கடவுச்சீட்டு முடிந்தால் அதுவரை, செல்லும். கட்டணம் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறையாவது வந்து போகிறவர்கள் ஊருக்குக் கிளம்பும் முன் செய்துவைத்துக்கொள்ளுங்கள். நான் செய்யாமல் வந்தேன், வரிசையில் நின்றேன்.

பெட்டி வந்தது, ஒரு சக்கரம் வரவில்லை. நான் வந்த விமான நிறுவனத்தின் பேர் வேண்டாம். படிவம் எழுதிக் கொடுத்தேன். சக்கரமும் கைப்பிடியும் எங்கள் பொறுப்பில் வராது என்று ஒரு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அதற்குள் ஆலங்குடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் அதைவிட உறுதியான சக்கரம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது உருளும்போது சத்தம் மட்டும் கொஞ்சம் ஊரைக் கூட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி மாத்தூர் தாண்டி கீரனூரை நோக்கிப் போகும்போது அக்கா மகன் கேட்டான்: "இவ்வளவு பெருசா கட்டிட்டாங்க, இனி லண்டனுக்கு நேரா பிளேன் வருமா மாமா?" இந்தக் கேள்வியை அந்த இரண்டு வாரத்தில் குறைந்தது பத்துப் பேர் கேட்டார்கள். கட்டடம் பெரிதானால் விமானம் தானாக வரும் என்று எல்லாரும் நினைக்கிறோம். கல்யாணத்துக்குப் பந்தல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் பத்திரிகை வைத்தவர்தானே வருவார்? விமான விஷயத்தில் அந்தப் பத்திரிகையை எழுதுவது திருச்சி இல்லை, டெல்லி.

ஒரு நாட்டு விமான நிறுவனம் இன்னொரு நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதையெல்லாம் இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. அந்தப் பட்டியலில் பேர் உள்ள ஊரைப் 'பாயின்ட் ஆஃப் கால்' என்பார்கள். பேர் இல்லையென்றால், ஓடுபாதை தங்கத்தில் போட்டிருந்தாலும் அந்த நாட்டு விமானம் இறங்க முடியாது.

திருச்சிக்கு இதில் ஒரு பக்கம் நல்ல அதிர்ஷ்டம். 2003-ல் பாலித் தீவில் நடந்த இந்தியா–ஆசியான் உச்சி மாநாட்டில், தென்கிழக்காசிய நிறுவனங்கள் 18 சுற்றுலா ஊர்களுக்குக் கட்டுப்பாடின்றிப் பறக்கலாம் என்று அன்றைய பிரதமர் வாஜ்பாயி அறிவித்தார். அந்தப் பதினெட்டில் திருச்சி உண்டு. ஏர் ஏசியா, ஸ்கூட், பாட்டிக் ஏர், வியட்ஜெட் எல்லாம் நம் ஊர் பக்கம் எட்டிப் பார்த்ததற்கு அடிப்படை இதுதான். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. மதுரைக்காரர்கள் கோலாலம்பூர் போவதற்குத் திருச்சிக்கு வண்டி பிடித்து வருவதற்கு இது முக்கியமான காரணம். 'மதுரையைச் சேருங்கள்' என்று அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஊரில் இதைச் சத்தமாகச் சொல்லமாட்டேன்.

வளைகுடா பக்கம் கதை தலைகீழ். தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து துபாய், குவைத், மஸ்கட், தோஹா போகாத தெரு கிடையாது. ஆனால் எமிரேட்ஸோ கத்தார் ஏர்வேஸோ திருச்சிக்கு வருவதில்லை. கோழிக்கோட்டுக்கும் கொச்சிக்கும் வளைகுடா நிறுவனங்கள் வருகின்றன. கோவைக்குக்கூட ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியா வருகிறது. திருச்சிக்கு அந்தப் பக்கம் பறப்பவை ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ என்று நம் நாட்டு நிறுவனங்கள்தான். இந்திய நிறுவனம் என்றால் நம் நாட்டின் எந்தப் பன்னாட்டு விமான நிலையத்திலிருந்தும் கிளம்பலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத்தான் அந்தப் பட்டியல் கட்டுப்பாடு. துபாய் ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் வாரத்துக்குத் தலா சுமார் 66 ஆயிரம் இருக்கை என்ற அளவு 2014 வாக்கில் முடிவானது. அவர்கள் கூட்டிக் கொடு என்கிறார்கள், டெல்லி யோசிக்கிறது.

டெல்லி யோசிப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டால் நம் ஊர்ப் பயணியை துபாய்க்கும் தோஹாவுக்கும் அள்ளிப்போய், அங்கிருந்து லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் அவர்களே ஏற்றி அனுப்புவார்கள், நம் நிறுவனங்களின் நெடுந்தூர விமானம் காலியாக ஓடும் என்ற பயம். ஆனால் திருச்சியிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் எந்த இந்திய நிறுவனமும் விடவில்லை. இல்லாத கடைக்குப் போட்டி வந்துவிடும் என்று வாசலைப் பூட்டிவைத்தால் எங்கள் ஊர்க்காரன் எப்படிப் போவான்? லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் கொழும்பு வழியாகத்தான் வந்து போகிறாள். ஸ்ரீலங்கன் விமானத்தில் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் கொழும்பு, அங்கே விமானம் மாறி லண்டன். சென்னைக்குப் பேருந்தில் போய் மீனம்பாக்கத்தில் மறுபடி வரிசையில் நிற்பதைவிட இது சுலபம் என்கிறாள். பெட்டியைத் திருச்சியில் போட்டால் லண்டனில் எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கைப் பக்கம் இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. 2025 மார்ச் 30-ல் இண்டிகோ திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சிறிய ஏடிஆர் விமானம் விடத் தொடங்கியது. கனடாவிலிருந்து யாழ்ப்பாணம் போகும் நண்பர் ஒருவர் திருச்சியில் இறங்கி, ஸ்ரீரங்கமும் சமயபுரமும் பார்த்துவிட்டு, யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியில் போய் இறங்கினார். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கி இரவெல்லாம் பேருந்தில் போவதை நினைத்தால் இது சொர்க்கம் என்றார்.

இனி ஓடுபாதை. திருச்சியில் இருப்பது 2,480 மீட்டர், அதாவது 8,136 அடி. சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர், கோவை 2,990. மதுரை இன்னும் குட்டை, 2,286. நான் தினமும் தலைக்குமேல் சத்தம் கேட்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 4,000. ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்களுக்குத் திருச்சி நீளம் போதும். பெரிய விமானம் இறங்கவே முடியாது என்றும் இல்லை. ஏழெட்டாயிரம் கிலோமீட்டருக்கு எரிபொருள் நிரப்பி, ஆள் நிரப்பி, சரக்கும் ஏற்றிக் கிளம்புவதில்தான் சிக்கல். அதுவும் மே மாதத் திருச்சி வெயிலில் காற்று இளகிவிடும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும், அதிக தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். நீளம் போதாதென்றால் எடையைக் குறைக்க வேண்டும். இருக்கையைக் காலியாக விட்டுப் பறக்க எந்த நிறுவனமும் வராது.

சுமார் 12,500 அடிக்கு நீட்ட வேண்டும் என்ற திட்டம் பல வருஷமாகப் பேச்சில் இருக்கிறது. அதற்கு நிலம் வேண்டும். அதில் தனியார் பட்டாவும் உண்டு, ராணுவ நிலமும் உண்டு. ராணுவ நிலத்தை வாங்குவது தாய்மாமனிடம் பாகம் கேட்பது மாதிரி. யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள், கையெழுத்து மட்டும் வராது. கட்டடத்துக்கு முன் நிலத்தை முடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கட்டடம் திறப்பு விழாவில் படமாகத் தெரியும், ஓடுபாதையின் கூடுதல் ஆயிரம் மீட்டர் விமானிக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மாவிடம் ஓடுபாதை என்றாலே 2018 அக்டோபர்தான். துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஒன்று சுற்றுச்சுவரை உரசிக்கொண்டு மேலேறி, கடைசியில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. அந்த விடிகாலை அம்மா எனக்கு ஆறு முறை போன் செய்தார், நான் சிங்கப்பூரில் தூங்கிக்கொண்டிருந்தேன். "மதில்ல இடிச்ச ஊரு, பார்த்து ஏறுப்பா" என்று இன்றும் சொல்லித்தான் அனுப்புகிறார். நீட்டினால் அம்மாவுக்காவது நிம்மதி.

பெரிய விமானம் வந்தால் ஆளுக்கு மட்டும் லாபம் இல்லை. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நான் வாங்கும் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, பூக்கடையில் தொங்கும் மல்லிகையில் ஒரு பங்கு திருச்சி விமானத்தின் வயிற்றில்தான் வருகிறது. சிறிய விமானத்தில் பயணிகளின் பெட்டி போக மிஞ்சும் இடம்தான் காய்கறிக்கு. பொங்கலுக்கு ஆள் நிறைந்த விமானத்தில் அந்த மிச்சமும் சுருங்கிவிடும். எல்லாருக்கும் பூ வேண்டிய வாரம் வேறு அது.

ஆகவே லண்டன் கனவை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்பேன். அதற்கு முன்னால் எளிதாக வரக்கூடியது ஒன்று இருக்கிறது: பினாங்கு. ஓடுபாதையை நீட்ட வேண்டாம், புது ஒப்பந்தமும் வேண்டாம். மலேசிய நிறுவனம் மனது வைத்தால் அந்தப் பதினெட்டு ஊர்ப் பட்டியலே போதும். சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் இண்டிகோ தொடங்கிவிட்டது. உண்மையில் அது சென்னையைவிட எங்கள் பக்கத்துப் பாதை. என் தாத்தா 1950-களில் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறினார். அந்தக் கப்பல் பினாங்கு போய், பிறகு கிள்ளான் துறைமுகம் தொட்டு, சிங்கப்பூர் சேரும். அதற்குப் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழி முடிந்தது. அந்த வழியின் சிங்கப்பூர் பாதியைத் திருச்சி விமானம் எடுத்துக்கொண்டது. பினாங்கு பாதி மட்டும் நாற்பது வருஷமாக விட்டுப்போய்க் கிடக்கிறது.

திரும்பி வரும் நாளில் அக்கா மகன் வாசல் தவறவில்லை. எடை பார்க்கும் இடத்தில் பெட்டி மூன்று கிலோ கூடியது. அம்மா வைத்த அதிரசத்தை எடுக்க மனமில்லாமல் இரண்டு வேட்டியையும் ஒரு தடித்த புத்தகத்தையும் எடுத்து வெளியே நின்ற அவனிடம் கொடுத்தேன். அவனுக்குப் பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. திருச்சி–கோலாலம்பூர் டிக்கெட் எடுத்துவிட்டான். அங்கிருந்து இரவுப் பேருந்து. "அஞ்சு மணி நேரம்தானாம் மாமா" என்றான்.

வீட்டுப் பரணில் 'பினாங்கு' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதிய தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதை எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன். "அதுவே ஏழு கிலோ இருக்கும்" என்றான்.