பென் டிரைவில் வயர்ஷார்க்: ஓராண்டு அனுபவம்

மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரையுள்ள கடைகளிலும் விடுதிகளிலும் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். இணையம் மெதுவாக இருக்கிறது என்பதே இங்கு நான் அதிகம் கேட்கும் புகார். இணைப்பு தருபவரையோ உப்புக்காற்றையோ குறை சொல்லிவிட்டுத் திரும்புவது எளிது. பல நேரங்களில் அது உண்மையாகவும் இருந்துவிடும். ஆயினும் எது காரணம் என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக, நெட்வொர்க்கில் பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகச் செல்லும் தரவைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் போர்ட்டபிள் (நிறுவாமலே ஓடும்) பதிப்பை ஓராண்டாகப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன். 1998இல் ஜெரால்டு கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டு, வணிக முத்திரைச் சிக்கலால் 2006இல் பெயர் மாறிய அதே மென்பொருள்தான் இது, கட்டணம் கிடையாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். போர்ட்டபிள் என்ற சொல் இங்கே பாதி அளவுக்கே உண்மை. முன்பே பிடித்துச் சேமித்த பாக்கெட்டுகளைத் திறந்து ஆராய்வதற்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் பாக்கெட்டுகளைப் பிடிக்க என்பிகேப் என்னும் துணை மென்பொருள் (டிரைவர்) தேவை. அது இயங்குதளத்தின் உள்ளே அமர்ந்து வேலை செய்வதால் பென் டிரைவிலிருந்தே ஓட முடியாது. அந்தக் கணினியில் அட்மின் (நிர்வாகி) உரிமையோடு நிறுவியாக வேண்டும். கடவுச்சொல்லை மறந்துவிட்ட கடைக்காரர்கள் இந்தக் கரையில் எத்தனை பேர் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

டிரைவரை நிறுவ விருப்பமில்லாத இடங்களில் நான் வேறு வழியில் செல்கிறேன். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல் பிகேடிமான் என்னும் கட்டளைக் கருவி உடன் வருகிறது. 2004 என்ற எண்ணுள்ள பதிப்பு முதல் அதன் பதிவை வயர்ஷார்க் படிக்கும் வடிவத்துக்கு மாற்றவும் முடிகிறது. அதற்கும் அட்மின் உரிமை தேவை என்றாலும், புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 128 பைட்டுகளை மட்டுமே அது இயல்பாகப் பதியும் என்பதையும், ஒரே பாக்கெட் விண்டோஸின் பல அடுக்குகளைக் கடக்கும்போது பல முறை பதிவாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டாவதை அறியாமல், பாக்கெட்டுகள் மீண்டும் மீண்டும் அனுப்பப்படுவதாக எண்ணி நான் ஒரு பிற்பகலை வீணாக்கினேன். கணினியை நெட்வொர்க்கோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு அளவோடு பதிவை நிறுத்திக்கொண்டால் இந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

இவ்வளவு சிரமத்துக்கும் பலன் உண்டா என்றால், மண்டபத்தில் நான்கு கணினிகளோடு இயங்கும் ஒரு போட்டோ ஸ்டூடியோவைச் சொல்லலாம். மாலையானால் இணையம் படுத்துவிடுகிறது என்று உரிமையாளர் இணைப்பையே மாற்றத் துணிந்திருந்தார். சுவிட்ச் (கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வழியாக இணைந்த கணினிகளில், நாம் அமர்ந்திருக்கும் கணினியின் போக்குவரத்தும் எல்லோருக்குமான அறிவிப்புப் பாக்கெட்டுகளும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும்; ஆகவே ஒவ்வொரு கணினியாகப் பென் டிரைவோடு நகர்ந்தேன். மூன்றாவது கணினியில் உரையாடல்கள் என்ற புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்து பைட் அளவுப்படி வரிசைப்படுத்தியதும், ஒரே முகவரிக்கு இடைவிடாமல் தரவு வெளியேறிக்கொண்டிருந்தது தெரிந்தது. தளப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளை வடிகட்டிப் பார்த்தபோது அது ஒரு புகைப்படச் சேமிப்புச் சேவையின் முகவரி என்பது புலப்பட்டது: கல்யாணப் படங்கள் முழு அளவில் தாமாகவே மேலேறிக்கொண்டிருந்தன. வெளியேறும் பாதை நிரம்பிவிட்டால், பதிவிறக்கத்தில் தரவு வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கும் ஒப்புதல் பாக்கெட்டுகளும் அதே வரிசையில் காத்துக் கிடக்கும்; எனவே இறக்கமும் சேர்ந்து தடுமாறும். பதிவேற்றத்தை இரவுக்கு மாற்றினோம். இணைப்பை மாற்றும் செலவு மிச்சமாயிற்று.

வங்கிப் பக்கத்தில் ஒருவர் என்ன தட்டினார் என்பதை இது காட்டுமா என்று ஓர் இ-சேவை மையத்தில் கேட்டார்கள். வங்கிப் பக்கங்களைப் போல, பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்த உள்ளடக்கத்தைச் சாதாரணமாகப் படிக்க இயலாது. ஆனால் எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். அதுவும் அந்தரங்கமான தகவல்தான் என்பதால், வாடிக்கையாளர் எழுந்து சென்ற பிறகே பதிவைத் தொடங்குகிறேன். வேலை முடிந்ததும் உரிமையாளர் முன்னிலையில் கோப்பை அழித்துவிடுகிறேன். அனுமதியின்றிப் பிறர் கணினித் தரவை எடுப்பது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும்.

பென் டிரைவை ஃபேட்32 என்னும் கோப்பு முறையில் வடிவமைத்திருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு அதில் நிற்காது. அதற்காகப் பதிவைச் சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதும் வசதி வயர்ஷார்க்கிலேயே இருக்கிறது.

கருவியின் எல்லையை ஆடி அமாவாசைக்கு முந்தைய வாரம் இராமேசுவரத்தில் ஒரு விடுதியில் உணர்ந்தேன். வரவேற்பறைக் கணினியின் பதிவில், மீண்டும் அனுப்பப்பட்ட பாக்கெட்டுகளைக் குறிக்கும் கறுப்பு வரிகள் திரை முழுதும் நிறைந்திருந்தன. பாக்கெட்டுகள் தொலைகின்றன என்பது வரை மென்பொருள் காட்டியது. சிதைந்து வருபவற்றைக் கார்டே பொதுவாகக் கழித்துவிடுவதால், எங்கே சிதைகின்றன என்பது அதில் தெரியவில்லை. மொட்டைமாடியில் ரவுட்டருக்குச் செல்லும் கேபிளின் முனையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே பச்சை பூத்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனையைப் பொருத்திவிட்டுக் கீழே வந்தபோது, அறைப் பதிவுப் பக்கம் திறந்திருந்தது.