கிருஷ்ணகிரியில் ஓர் ஆங்கில வகுப்பு: திருத்தத்தைக் குறிக்கும் சொற்கள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்துக்கு அருகில், வங்கித் தேர்வு எழுதுவோருக்காக மாலையில் நடைபெறும் ஆங்கில வகுப்பில், அமெண்ட் (amend), எமெண்ட் (emend) என்னும் இரு சொற்களையும் பிரித்துக் காட்டிய பாடம் மிகச் சிறப்பாக இருந்தது. சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ முறைப்படி மாற்றம் செய்வது அமெண்ட் என்பதற்கு, 1951-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் முதல் திருத்தத்தை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். எமெண்ட் என்பது பெரும்பாலும் நூலின் வாசகத்தில் புகுந்த பிழையைக் களைவதையே குறிக்கும் என்பதை, 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பதிப்புப் பணியைக் கொண்டு அவர் விளக்கியபோது, பர்கூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்திருந்த மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டனர். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இப்படித்தான் கற்பிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தவறைச் சரிசெய்வதைக் குறிக்கும் ரெக்டிஃபை (rectify) பற்றிய விளக்கம் போதுமானது. அமீலியரேட் (ameliorate) என்பதை மோசமான நிலையைச் சற்றே மேம்படுத்துவதற்குத்தான் பயன்படுத்த வேண்டும், ஏற்கெனவே நன்றாக இருப்பதற்கு அது பொருந்தாது என்ற குறிப்பு பயனுள்ளது.

ஒரு குறை உண்டு. ரிவைஸ் என்னும் சொல், எழுதியதை மாற்றி அமைப்பதையும், நம் நாட்டு வழக்கில் தேர்வுக்கு மீண்டும் படிப்பதையும் குறிப்பதால்தான் மாணவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். அதற்கு இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.