அழகர் ஆற்றில் இறங்குவது காகிதத்தில் எப்போது வரும்?

சித்திரா பௌர்ணமி விடியற்காலையில் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அதற்குள் காலைப் பத்திரிகை அச்சாகி, கட்டுக்கட்டாக முகவர் கைக்குப் போயிருக்கும். ஆக அந்தப் படம் அச்சில் மறுநாள்தான் (மாலைப் பத்திரிகை வாங்கினால் அன்றே). இணையதளத்தில் அழகர் கரையேறும் முன்பே வந்துவிடும். ஆனால் அவசரத்தில் பட்டுப் புடவையின் நிறத்தைத் தப்பாகப் போட்டு, பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். அச்சில் அது நடக்காது. தப்பு தப்பாகவே நிற்கும், மறுநாள் 'திருத்தம்' போட வேண்டும். அதனால் இணையச் செய்தியில் தலைப்புக்குக் கீழே உள்ள 'புதுப்பிக்கப்பட்ட நேரம்' என்பதை முதலில் பாருங்கள்.

அச்சிலும் எல்லாப் பிரதியும் ஒன்றல்ல. ராமேசுவரம் போகும் கட்டு முன்னதாகவே வண்டி ஏற வேண்டும்; நள்ளிரவுச் செய்தி மதுரை நகரப் பிரதியில் மட்டும் இருக்கலாம். படத்தில் முகம் இரட்டையாகத் தெரிந்தால், வண்ணத்துக்கு ஒன்றாக அச்சிடும் நான்கு தகடுகளில் ஒன்று விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

இ-பேப்பர் மூன்றாவது வகை: அச்சுப் பக்கத்தை அப்படியே திரையில் காட்டும் நகல். திறந்ததும் சென்னைப் பதிப்பு வந்தால் பட்டியலில் மதுரைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் உள்ளூர்ப் பக்கமே கிடைக்காது.

கோர்ட் நோட்டீஸ், பத்திரம் தொலைந்த விளம்பரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அச்சுதான். தேதி தெரியும்படி முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள். விளம்பரத்தை மட்டும் கத்தரித்தால் எந்த நாள் வந்தது என்று காட்ட வழியில்லை.